அகராதியில் ‘பட்டை’ எங்கே போயிற்று?

இந்த முறை ஒரு சிறு சோதனையோடு தொடங்குகிறேன். பேனாவும் தாளும் வேண்டாம். அறம், அழகு, அலகு, அனல், அவல், அளவு, அரம் என்று ஏழு சொற்கள். இவற்றை அகராதியில் இருக்கும் வரிசைப்படி அடுக்கிச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

முதலாம் ஆண்டில் ‘க் ங் ச் ஞ்’ என்று ராகம் போட்டுச் சொன்ன பாடம் நெஞ்சில் இருந்தால் விடை தானாக வந்துவிடும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்றுதானே அந்தப் பாட்டு முடிகிறது? ஆகவே அரம், அலகு, அவல், அழகு, அளவு, அறம், அனல். சரியாகச் சொன்னவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ளலாம்.

இதே ஏழு சொற்களை ஒரு கைப்பேசிச் செயலியிடம் கொடுத்து, “அடுக்கு” என்று மட்டும் சொன்னால் என்ன தரும் தெரியுமா? அனல், அரம், அறம், அலகு, அளவு, அழகு, அவல். அனல் தலைக்கு வந்துவிட்டது. அவல் வாலுக்குப் போய்விட்டது. ‘எப்படி அடுக்கினால் என்ன, சொல் உள்ளே இருந்தால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஏன் போதாது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு சொல் தொகுப்புச் செய்தார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலமாயிற்று. பால் வெட்டுக்குப் போன தலைமுறை இப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் போய், வேலைக்காட்டில் எதை என்னவென்று சொன்னீர்கள் என்று கேட்டு எழுதி வந்தார்கள். மங்கு, வாளி, ஒட்டுப்பால், கட்டிப்பால், நிரை, வெட்டுக்கத்தி, பெரட்டு, தண்டல், மண்டோர், ஆயாக் கொட்டகை என்று முந்நூற்றுச் சொச்சம் சொற்கள் தேறின. நோட்டுப் புத்தகத்தில் கிடந்தால் கறையான்தான் படிக்கும் என்று, சிரம்பானில் கணினி வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மனமுவந்து ஒரு சிறு செயலி செய்து கொடுத்தார். எங்கள் சொற்களோடு பிள்ளைகளின் பாடச் சொற்கள் சில ஆயிரத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. எழுத்துத் தலைப்பு ஒன்று, அதன்கீழ் சொற்கள், மறுபடி தலைப்பு, மறுபடி சொற்கள்.

நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ‘பட்டை’ என்ற சொல்லைத் தேடினாள். மரத்தின் பட்டையைச் சீவினால்தானே பால் வரும்? அவளுடைய பாட்டி சொல்லி அவளே எழுதி வந்த சொல் அது. ‘ப’ தலைப்புக்குப் போனாள். பசை, பஞ்சு என்று விரலால் நகர்த்திக்கொண்டே வந்தாள். பஞ்சுக்கு அடுத்தாற்போல் படகு வந்தது. படங்கு வந்தது. நாம் சொல்லிக்கொடுத்த முறைப்படி ‘பட்’ என்பது ‘பட’வுக்கு முன்னால் வரவேண்டும். அது இல்லை. பிள்ளை கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, “டீச்சர், பட்டையை விட்டுட்டாங்க” என்றாள்.

சொல் விடுபடவில்லை. படகு, படங்கு, படபடப்பு, படம், படி, படுக்கை, படை எல்லாவற்றையும் தாண்டி, இரண்டு திரை தள்ளிக் கீழே கிடந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது இல்லாத சொல்தான். முறையாகப் படித்த பிள்ளை முறையான இடத்தில் தேடி, இல்லையென்று முடிவுக்கு வந்தாள். படிக்காத பிள்ளையாக இருந்திருந்தால் மேலும் கீழும் துழாவிக் கண்டுபிடித்திருக்கலாம்! இதில்தான் எனக்கு உறுத்தல். ஒரு பிள்ளை தமிழ்ச் சொல்லொன்றைத் தேடி இரண்டு முறை கிடைக்காமல் போனால், மூன்றாம் முறை தேடமாட்டாள். கையில் கிடைக்கும் மலாய்ச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ எழுதிவிட்டுப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

‘தேடும் பெட்டியில் எழுதிப் பார்க்கலாமே’ என்பார்கள் சிலர். எழுதலாம், எழுத்துக்கூட்டல் தெரிந்தால். பழத்தைப் ‘பளம்’ என்று எழுதுகிற பிள்ளைக்குத் தேடும் பெட்டி ‘இல்லை’ என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்குத்தான் அகராதி முதலில் வேண்டும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், தேடாத நாலு சொல்லும் கண்ணில் படும். அந்த லாபம் தேடும் பெட்டியில் இல்லை.

சரி, கைப்பேசிக்கு ஏன் இந்தக் குழப்பம்? அதற்குத் தமிழ் நெடுங்கணக்கு தெரியாது. எழுத்தை அது எழுத்தாகப் பார்ப்பதில்லை, எண்ணாகத்தான் பார்க்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் ஒருங்குறி முறை 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடம், இந்திய அரசு அதற்கு முன்பே வகுத்திருந்த ‘இஸ்கி’ என்ற குறியீட்டு முறையைத் தழுவி அமைந்தது. இஸ்கி இந்திய மொழிகள் பலவற்றையும் தேவநாகரியின் சட்டத்துக்குள் வரிசைப்படுத்திய ஏற்பாடு. அந்தச் சட்டத்தில் ன என்பது ந-வின் பக்கத்தில் உட்கார்ந்தது. ற என்பது ர-வின் பக்கத்தில். ள, ழ இரண்டும் ல-வை ஒட்டிக்கொண்டன. பாவம், வ கடைசிக்குப் போயிற்று. எண் வரிசையில் அடுக்கினால் மேலே சொன்ன ஏழு சொற்களும் அப்படித்தான் வரும்.

புள்ளியின் கதை இன்னும் வேடிக்கை. நமக்கு ‘ட்’ என்பது ஓர் எழுத்து. உயிரேறாத மெய், ஆகவே ‘ட’வுக்கு முந்தியது. ஒருங்குறிக்கு ‘ட்’ என்பது ட என்ற எழுத்தும் அதன்மேல் போட்ட புள்ளியும். அந்தப் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் எண், கால், கொம்பு, சுழி எல்லாவற்றின் எண்ணுக்கும் மேலே இருக்கிறது. அதனால் ‘பட்’ என்று தொடங்கும் சொற்கள் யாவும் படகு, படி, படை எல்லாம் முடிந்தபிறகே வரும். பக்கம் பகைக்குப் பின்னால். அச்சம் அசைவுக்குப் பின்னால். தமிழில் இப்படி இரட்டித்து வரும் சொற்கள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள்!

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் சொல்லவேண்டும். தலைப்புகளை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். காரணம், தமிழ்ச் சொற்கள் ழ, ள, ற, ன என்று தொடங்குவதில்லை. புள்ளி வைத்த எழுத்திலும் தொடங்குவதில்லை. முதலெழுத்தில் தப்பு வர வாய்ப்பே குறைவு. தப்பெல்லாம் இரண்டாம் எழுத்திலும் மூன்றாம் எழுத்திலும் ஒளிந்திருக்கிறது. முதலெழுத்தில் தப்புத் தெரியவேண்டுமானால் ஜ வரவேண்டும். நம் மாநிலத்தின் ஏழு மாவட்டங்களை எழுதிப் பாருங்கள். எண் வரிசையில் குவாலா பிலா, சிரம்பான், ஜெம்போல், ஜெலுபு, தம்பின், போர்ட்டிக்சன், ரெம்பாவ் என்று வரும். நம் முறையில் கிரந்த எழுத்துகள் கடைசி. ஜெம்போலும் ஜெலுபுவும் ரெம்பாவுக்குப் பின்னால் போகவேண்டும்.

இப்படி அடுக்கும் கவலை நம் முன்னோருக்கு இருந்ததா என்றால், முதலில் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்ற நிகண்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திவாகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதில் சொற்கள் அகர வரிசையில் இல்லை. பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கள் பெயர் ஒரு தொகுதி, பிறகு விலங்கு, மரம், இடம், பல்பொருள், செய்யப்பட்ட வடிவங்கள், பண்பு, செயல், ஒலி என்று போகும். பதினோராவது தொகுதி, ஒரே சொல்லுக்குப் பல பொருள். பன்னிரண்டாவது, இருசுடர் முக்கனி என்பது போல எண்ணிக்கையோடு சேர்ந்த கூட்டப் பெயர்கள். இவையெல்லாம் செய்யுளாக இருந்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டை நெட்டுருப் போட்டார்கள். மனத்தில் இருக்கும் நூலில் தேட வேண்டியதில்லையல்லவா? அதனால் வரிசையும் வேண்டியிருக்கவில்லை.

1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் ‘அகராதி நிகண்டு’ என்று ஒன்று செய்தார். சொற்களை அகரம் முதலாக வைத்தார். ஆனால் முதலெழுத்தை மட்டுமே பார்த்தார். இரண்டாம் எழுத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இன்றைக்குச் செயலி செய்கிற இளைஞர்களில் பலர் சரியாக அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. முதலெழுத்துத் தலைப்பு ஒழுங்கு, உள்ளே ஒழுங்கில்லை!

அடுத்து நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி. அந்தாம் தெ புரவென்சா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் செய்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பிறகு அது மறைந்தே போயிற்று என்னும் நிலை. அதன் பிரதியைத் தேடிப் பிடித்து, அப்படியே படமெடுத்து மறுபடி அச்சாக்கியவர் தனிநாயக அடிகள். எங்கே அச்சாயிற்று? நம் கோலாலம்பூரில், 1966-இல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாக. முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கே நடந்த அதே ஆண்டு. தமிழகராதியின் வரலாற்றில் மலேசியாவுக்கும் ஒரு பக்கம் உண்டு என்பது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

எனக்கு எல்லாரிலும் பெரிய ஆச்சரியம் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த அந்தத் துறவி 1732-இல் சதுரகராதியைச் செய்தார். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், நான்கு அகராதிகள் சேர்ந்த ஒன்று. முதலாவது பெயரகராதி: சொல் தெரிந்தவன் பொருள் தேடுவதற்கு. இரண்டாவது பொருளகராதி: பொருள் தெரிந்தவன் அதற்குரிய சொற்களைத் தேடுவதற்கு. மூன்றாவது தொகையகராதி, எண்ணிக்கைத் தொகுப்புகளுக்கு. நான்காவது தொடையகராதி, செய்யுள் எழுதுகிறவன் எதுகைச் சொல் தேடுவதற்கு. ஒரே மொழிச் செல்வம், நான்கு வாசல். எந்த ஆள் எதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறானோ, அவனுக்கு அந்த வாசல். திரையின் அடியில் நான்கு பொத்தான் வைத்த செயலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

என் மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “டீச்சர், நாங்களும் அகராதின்னுதான் சொல்றோம், ஆனா அது வேற” என்றார். கேட்டுத் தெரிந்துகொண்டேன். நிரல் எழுதுகிறவர்கள் ‘அகராதி’ என்று சொல்வது ஒரு பெட்டியை. கோயில் திருவிழாவில் செருப்புக் காக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எண் போட்ட வில்லையைக் கொடுத்தால் உங்கள் செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார். அதில் அவர் கெட்டிக்காரர். ஆனால், ‘எல்லாச் செருப்பையும் வரிசையாக வை’ என்றால் விழிப்பார். அவருக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. கணினியின் அகராதியும் அப்படியே. சொல்லைக் கொடுத்தால் பொருளைத் தரும். வரிசை அதன் வேலையன்று. ஆப்பிள் கைப்பேசிக்குச் செயலி எழுதும் சுவிஃப்ட் மொழியில், அடுக்கச் சொல்லாமல் விட்டால், காலையில் திறக்கும்போது ‘ம’ முதலில் நிற்கும், மாலையில் திறக்கும்போது ‘த’ முதலில் நிற்கும். பைத்தான் மொழியில் 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து போட்ட வரிசை கலையாமல் இருக்கிறது. ஆனால் அது போட்ட வரிசைதான், அகர வரிசையன்று.

ஆகவே தலைப்புப் போட்ட சொற்பட்டியல் வேண்டுமானால் சொற்களை முதலில் தட்டுதட்டாகப் பிரிக்கவேண்டும். தட்டுகளை வரிசையாக வைக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு தட்டுக்குள்ளும் சொற்களைத் தமிழ் முறைப்படி அடுக்கவேண்டும். பலரும் இரண்டாவதோடு எழுந்து போய்விடுகிறார்கள். மூன்றாவதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழின் வரிசை விதி ஒருங்குறிக்காரர்களின் பொதுக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. புள்ளி எழுத்து முன்னால், கிரந்தம் பின்னால் என்பது உட்பட. ‘தமிழ் முறைப்படி அடுக்கு’ என்று நிரலில் ஒரு வரி சொன்னால் போதும். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். கைப்பேசி எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த மொழியின் முறைப்படி அடுக்கு என்று எழுதிவிடக் கூடாது. நம் வீடுகளில் கைப்பேசி பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். தமிழ் என்று பெயர் சொல்லியே கேட்கவேண்டும்.

தலைப்பு எழுத்து எது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கொட்டகை’யின் முதலெழுத்து எது? நாம் கொ என்போம். சுவிஃப்ட் மொழியும் கொ என்றே சொல்லும். ஆண்டிராய்டுக்கு எழுதும் ஜாவா, கோட்லின் மொழிகளில் முதல் குறியை எடுத்தால் க வரும். கொ என்று எடுத்தால் க, கா, கி, கீ என்று போய்த் தலைப்புகள் நூற்றை நெருங்கும். திரையின் ஓரத்தில் விரல் வைத்துத் தாவுவதற்கு எழுத்துகளைச் செங்குத்தாக வைக்கிறார்களே, அதில் நூறு எழுத்தை நெருக்கினால் எறும்பு வரிசைதான். என்னைக் கேட்டால், ஓரத்தில் உயிர்களும் மெய் வருக்கங்களும் மட்டும் இருக்கட்டும். க-வைத் தொட்டால் உள்ளே க, கா, கி என்று சிறு தலைப்புகள் விரியட்டும். அச்சில் வந்த அகராதிகளில் கண் பழகியவர்களுக்கு இதுவே இயல்பு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தும் அதில் வழி தவறுவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்திலும் ஏற்றியிருக்கிறது.

செயலியில் இன்னொன்றும் காணாமல் போயிருந்தது. அது பால். தோட்டத்துச் சொல் தொகுப்பில் பாலே இல்லை என்றால் சிரிப்பார்களா, மாட்டார்களா? பிள்ளைகள் ‘பால்: ரப்பர் மரத்தில் வடிவது’ என்று எழுதியிருந்தார்கள். பாடச் சொற்களில் ‘பால்: ஆண்பால், பெண்பால் முதலிய பகுப்பு’ என்று இருந்தது. அந்தப் பெட்டியில் ஒரு வில்லைக்கு ஒரே இடம். இரண்டாவது பால் உள்ளே வந்ததும் முதலாவது பால் வெளியே போய்விட்டது. சத்தமில்லாமல் போய்விட்டது, செயலி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்நூற்றுச் சொச்சத்தில் ஒன்று குறைந்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? பால் என்பதால் தெரிந்தது. வேறு சொல்லாக இருந்திருந்தால் போனது போனதுதான். லெக்சிகனில் இதற்காகவே ஒரே வடிவமுள்ள வேறு வேறு சொற்களுக்குத் தலையில் சிறு எண் போட்டிருப்பார்கள். திவாகரத்தின் பதினோராம் தொகுதியும் இதைத்தானே கவனித்தது? ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எண்ணாமல், ஒரு சொல்லுக்குப் பொருள்களின் பட்டியல் என்று வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. என் மாணவர் ஒரே மாலையில் மாற்றிவிட்டார். இப்போது பால் என்று தொட்டால் நான்கு வருகிறது. பசும்பால், மரத்துப் பால், இலக்கணப் பால், குறளின் அறத்துப்பால் முதலியவை.

அகர வரிசை ஒழுங்கான பிறகு, செயலியைத் திண்ணையில் இருக்கும் பெரியவர்களிடம் காட்டினோம். சொற்கள் அவர்களுடையவை அல்லவா? அங்கே வேறொரு பாடம் கிடைத்தது. ‘ம’ தலைப்பில் மங்கு, அதன் கீழே மண்டோர், அதற்குக் கீழே மருந்து. அவர்களுக்கு இது பிடிபடவே இல்லை. மங்குக்கும் மண்டோருக்கும் என்ன உறவு? ஒன்று பால் பிடிக்கும் கோப்பை, மற்றொன்று அதட்டும் மனிதர்! எழுத்துப் பழக்கம் குறைந்த அவர்களுக்குச் சொற்கள் எழுத்தால் கோக்கப்பட்டவை அல்ல, வேலையால் கோக்கப்பட்டவை. விடியற்காலையில் பெரட்டு, பிறகு நிரை, மரம், பட்டை, கத்தி, மங்கு, வாளி, ஸ்டோர், நிறுவை, கிராணியின் பேரேடு என்று ஒரு நாளின் வேலை போகும் வழியில் சொன்னால், ஒரு சொல் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. நாற்பது வருடம் மரம் வெட்டிய ஒரு பாட்டி, பட்டியலில் இல்லாத ஏழெட்டுச் சொற்களை அப்போதுதான் சொன்னார். எழுத்து வரிசையில் கேட்டிருந்தால் அவை வந்திருக்காது.

பிள்ளைகளின் நிலையும் இதுவே. ரப்பர் மரத்தைப் பார்த்திராத பிள்ளைக்கு மங்கு என்ற சொல் தெரியாது. தெரியாத சொல்லை எந்த எழுத்தில் தேடுவது? ‘பாத்திரங்கள்’ என்ற தலைப்பில் படத்தோடு இருந்தால் காண்பாள். சொல் தெரிந்து பொருள் தேடுகிறவனுக்கு அகராதி. பொருள் தெரிந்து சொல் தேடுகிறவனுக்கு நிகண்டு. இரண்டையும் ஒரே கைப்பேசியில் வைப்பதற்கு இடமா இல்லை? அச்சுப் புத்தகத்தில் இருமுறை அச்சடித்தால் காகிதச் செலவு. செயலியில் சொற்கள் ஒரே இடத்தில் இருக்கும், தலைப்புகள்தான் மாறும்.

எங்கள் தலைப்புகளை முடிவு செய்ய மூன்று வாரம் பிடித்தது. மரமும் காடும், வெட்டுக் கருவிகள், பால் போகும் பாதை, ஆட்களும் பதவிகளும், வீடும் லயமும், கோயிலும் விழாவும் என்று வைத்தோம். ஒரு சொல் இரண்டு தலைப்பில் வரலாம் என்றும் வைத்தோம். வாளி கருவியிலும் வரும், பால் போகும் பாதையிலும் வரும். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் இருந்தால், சில தோட்டத்தில் ரப்பர், சில தோட்டத்தில் மலாய் ‘கெத்தா’விலிருந்து வந்த கித்தா, ஒன்றைத் தொட்டால் மற்றொன்றுக்கு வழி காட்டும்படி செய்திருக்கிறார் மாணவர். கித்தாவைக் கொச்சை என்று தள்ளிவிடவேண்டும் என்றார் ஒரு பெரியவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தனை ஆண்டு உழைத்தவர்கள் வாயில் புழங்கிய சொல்லைத் தள்ள நாம் யார்?

சொற்களையெல்லாம் தட்டெழுதியது, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் செல்லினத்திலும்தான். தட்டெழுதும் வசதியை நம்மவர் ஒருவரே செய்து கொடுத்திருக்கும்போது, அடுக்கும் வேலையை நம் பிள்ளைகள் செய்யமாட்டார்களா? உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நிரல் எழுதப் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தைக் கொடுத்து, அவன் செய்த பட்டியலில் அவலும் அழகும் எங்கே நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பட்டை படகுக்கு முன்னால் வருகிறதா என்றும் கேளுங்கள். பால் எத்தனை என்றும் கேளுங்கள். இந்த மூன்றும் தேறினால் செயலி தேறியது போலத்தான்.

எங்களுக்கு இன்னும் ஒரு சொல்தான் தலைப்பில்லாமல் நிற்கிறது. பெரட்டு. இருட்டோடு எழுந்துபோய் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. அது வேலையா, இடமா, நேரமா? பிள்ளைகள் ‘இடம்’ என்கிறார்கள், ஏனென்றால் பெரட்டுக் களத்தை அவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். அங்கேதான் பூப்பந்து ஆடுகிறார்கள். பாட்டியைக் கேட்டோம். “இடமென்ன இடம், அது நேரம்மா. சங்கு ஊதுனா நெஞ்சு அடிச்சுக்கும்” என்றார். நேரம் என்ற தலைப்பு எங்களிடம் இல்லை. அடுத்த வாரம் மாணவர் வரும்போது அதையும் போடச் சொல்லவேண்டும்.